வீட்டு மின்சாரத்துக்கும் இருப்புக் கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது பெரியோர் வாக்கு. கடை வாசலுக்குள் இருக்கும்வரை நாம் அதைத் தவறாமல் கடைப்பிடிக்கிறோம். மல்லி மூட்டையில் கால் கிலோ குறைந்தாலும் தராசை மறுபடி பார்க்கிறோம். துவரம் பருப்பில் கிலோவுக்கு 50 பைசா ஏறினால் நாலு ஊர் மார்க்கெட் விலையை விசாரிக்கிறோம். ஆனால் வீட்டுக்குக் கரண்ட் பில் வந்தால் மட்டும், "இந்தத் தடவை ரொம்ப ஏறிவிட்டது" என்று சொல்லிவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுகிறோம். என்ன சரக்கு வாங்கினோம், எவ்வளவு வாங்கினோம், எங்கே செலவானது என்று கேட்பதில்லை.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் கரிசலும் கண்மாயும் கொண்ட வறண்ட பூமி. பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும். அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெக்கை அடங்காது. மின்விசிறி இங்கே ஆடம்பரம் அல்ல. 2012-ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், நாளில் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் தறிகள் நின்றதும், நாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேரேடு எழுதியதும் எவருக்கும் மறந்திருக்காது. இன்று அந்த நிலை இல்லை. கரண்ட் இருக்கிறது, அதற்குக் கொடுக்கும் விலைதான் நம் கவலை.

வீடுகளும் மாறிவிட்டன. 2006-க்குப் பின் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி வந்தது. 2011-க்குப் பின் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வந்தன. பிறகு பிரிட்ஜ், வாஷிங் மெஷின், இப்போது ஏ.சி. ஒவ்வொன்றும் தேவைக்குத்தான் வந்தது. ஆனால் எது எவ்வளவு தின்கிறது என்ற கணக்கு மட்டும் வரவில்லை.

501-ஆவது யூனிட்டின் விலை

முதலில் கொள்முதல் விலையைத் தெரிந்துகொள்வோம். நம் மாநிலத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மீட்டர் பார்த்துக் கணக்கிடும் முறை. 2016 மே மாதம் முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விகிதம் இது:

மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால், 101 முதல் 200 வரை யூனிட் ரூ.2.35, 201 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30.

500-ஐத் தாண்டிவிட்டால், 101 முதல் 400 வரை ரூ.4.70, 401 முதல் 500 வரை ரூ.6.30, 501 முதல் 600 வரை ரூ.8.40, 601 முதல் 800 வரை ரூ.9.45, 801 முதல் 1,000 வரை ரூ.10.50, அதற்கு மேல் ரூ.11.55.

2025 ஜூலையில் 3.16 சதவீதம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது. விகிதம் அவ்வப்போது மாறக்கூடியது. கையில் உள்ள பில்லைப் பார்த்துப் புதிய எண்ணைப் போட்டுக்கொள்ளலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

இதில் வியாபாரி கண்ணில் படவேண்டிய இடம் ஒன்று உண்டு. 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ.1,805. 501 யூனிட் செலவழித்த வீட்டுக்கு ரூ.2,048.40. ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.243.40! காரணம், 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையிலான 100 யூனிட்டுக்கும் ரூ.2.35-க்குப் பதில் ரூ.4.70 ஆகிவிடுகிறது. நூறு ரூபாய்க்கு விற்றால் மூன்று ரூபாய் நிற்கும் மளிகை வியாபாரத்தில், இந்த ரூ.243 நிற்க நாம் 8,000 ரூபாய்க்கு மேல் சரக்கு விற்கவேண்டும். எத்தனை பொட்டலம் மடிக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

இருப்பு எடுப்போம்

ஒரு யூனிட் என்பது 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடுவது. சாமானின் மேல் ஒட்டிய தகட்டில் வாட் எழுதியிருக்கும். அதை ஓடும் மணி நேரத்தாலும் 60 நாளாலும் பெருக்கி, 1,000-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட் வந்துவிடும். நம் போன்ற நடுத்தர வியாபாரி வீடு ஒன்றுக்குக் கோடைக்கால உதாரணக் கணக்கு:

பழைய மின்விசிறி 3, ஒவ்வொன்றும் 75 வாட், தினம் 16 மணி – 216 யூனிட்
பழைய டியூப் லைட் 6, சோக் சேர்த்து 50 வாட், தினம் 5 மணி – 90
பிரிட்ஜ், தினம் ஒரு யூனிட் வீதம் – 60
தண்ணீர் மோட்டார் 1 எச்.பி., தினம் ஒரு மணி – 60
டி.வி. 80 வாட், தினம் 6 மணி – 29
செட்டாப் பாக்ஸ், செல்போன் சார்ஜர் வகையறா – 15
வாஷிங் மெஷின், ஒருநாள் விட்டு ஒருநாள் – 12
இஸ்திரிப் பெட்டி, ஒருநாள் விட்டு ஒருநாள் அரை மணி – 11
கிரைண்டர், மிக்சி சேர்த்து – 8
ஆக மொத்தம் – 501

இந்தப் பட்டியலைப் படித்தால் சில உண்மைகள் தெரியும். "கிரைண்டர் ஓட்டி ஓட்டியே பில் ஏறுகிறது" என்று வீட்டுப் பெண்களைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை. இரண்டு மாதம் மாவாட்டி, சட்னி அரைத்ததற்கு ஆனது 8 யூனிட்தான். பெருச்சாளி தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. விசிறியும் விளக்கும் சேர்ந்து 306 யூனிட். அதாவது பில்லில் ஐந்தில் மூன்று பங்கு.

எதை முதலில் மாற்றுவது?

கைமுதல் குறைவாக இருப்பவர் விளக்கிலிருந்து தொடங்கலாம். ஆறு பழைய டியூப் லைட்டுக்குப் பதில் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்குப் போட்டால் 90 யூனிட் 36 ஆகிவிடும். மொத்தம் 501 என்பது 447 ஆகும், பில் ரூ.1,471 ஆகும். விளக்கு ஒன்று 250 ரூபாய் என்று வைத்தாலும் 1,500 ரூபாய் முதலீடு, பில்லுக்கு ரூ.577 மிச்சம். மூன்றாவது பில்லில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட சுழற்சி நம் கடையில் எந்தச் சரக்குக்கு உண்டு?

அடுத்தது மின்விசிறி. இப்போது பி.எல்.டி.சி. என்ற வகை மோட்டார் வைத்த விசிறிகள் 30 வாட் அளவிலேயே ஓடுகின்றன. காற்று குறையாது. மூன்றையும் மாற்றினால் 216 யூனிட் 86 ஆகும். விளக்கும் விசிறியும் சேர்த்து மாற்றிய வீட்டின் மொத்தம் 317 யூனிட், பில் ரூ.785. பழைய ரூ.2,048-க்கும் இதற்கும் வித்தியாசம் ரூ.1,263. விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்றால், விளக்கையும் சேர்த்து மொத்த முதலீடு 10,500. குளிர்காலத்தில் விசிறி குறைவாக ஓடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இரண்டு வருடத்தை ஒட்டி முதல் திரும்பிவிடும். அதன்பின் முழுவதும் லாபம்.

ஒரேயடியாக வாங்க வேண்டியதில்லை. பகல், இரவு என்று அதிகம் ஓடும் விசிறியை முதலில் மாற்றுங்கள். எப்போதோ விருந்தாளி வந்தால் ஓடும் விசிறியை மாற்றினால் முதல் திரும்பாது. வாங்கும்போது நட்சத்திர லேபிளைப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் மேற்கூரை மின்விசிறிக்கும் இந்த லேபிள் கட்டாயம். பிரிட்ஜ் லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று எழுதியிருக்கும். அதை 6-ஆல் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட் தெரிந்துவிடும்.

தண்ணீரும் குளிர்ச்சியும்

நம் பக்கம் குடிநீர் முறை வைத்து வரும். ஆழ்குழாயில் தண்ணீர் அதளபாதாளத்தில் கிடக்கும். ஆகவே மோட்டார் இல்லாமல் குடும்பம் நடக்காது. ஆனால் தொட்டி நிரம்பி வழிந்து தெருவில் ஓடினால் தண்ணீரும் நஷ்டம், கரண்டும் நஷ்டம். தொட்டி நிறைந்ததும் தானே நிறுத்தும் கருவி ஒன்று மாட்டிவிட்டால் இரண்டும் மிச்சம். கசியும் குழாய்க்கு வாஷர் போடுவதும் மின் சிக்கனம்தான்.

பிரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருந்தால் உள்ளே இருக்கும் குளிர் வெளியேறிக்கொண்டே இருக்கும். கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பரை மாற்றுங்கள். சுவரை ஒட்டி வைக்காமல் பின்புறம் காற்றோட இடம் விடுங்கள். சூடான குழம்பை ஆறவைத்து உள்ளே வையுங்கள்.

ஏ.சி. பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். மணிக்கு ஒரு யூனிட் என்று வைத்தாலும், இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 480 யூனிட். மேலே சொன்ன 317 யூனிட் வீட்டில் இது சேர்ந்தால் 797, பில் ரூ.785-இலிருந்து ரூ.4,741 ஆகும். அதே ஏ.சி.யை 4 மணி நேரம் ஓட்டி, அறை குளிர்ந்தபின் விசிறியைப் போட்டால் பில் ரூ.2,519. 24 டிகிரியில் வைப்பது போதும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஜப்பானில் 2005-லிருந்தே கோடையில் அலுவலகங்களை 28 டிகிரியில் வைக்கச் சொல்லி, கோட்டும் டையும் இல்லாமல் வேலைக்கு வர அனுமதித்தார்கள். வசதியான நாடே அளந்து செலவழிக்கிறது.

அந்தக் காலத்து வீடுகளில் கனத்த சுவரும், தட்டோடு பதித்த தளமும், முற்றமும் இருந்தன. இப்போதைய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் நம்மேல் கக்குகிறது. பொங்கலுக்குச் சுவருக்கு வெள்ளை அடிக்கும்போதே மாடித் தளத்துக்கும் இரண்டு பூச்சு வெள்ளை அடித்துவிடுங்கள். வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும். மேற்குச் சுவர்ப் பக்கம் ஒரு வேம்பு வைத்தால் அது பேரன் காலத்துக்கும் நிழல் தரும்.

வெயிலே முதலாக

நமக்குப் பக்கத்தில் கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அன்று உலகின் பெரிய சூரிய மின் நிலையங்களில் ஒன்றாக அது பேசப்பட்டது. நம் வெயிலுக்கு இருக்கும் மதிப்பு அவ்வளவு. அதை நம் வீட்டு மாடியிலும் பிடிக்கலாம். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதுக்கு 18,000 ரூபாயும், அதிகபட்சம் 78,000 ரூபாய் மானியம் என்று அறிவித்தார்கள். ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும்.

ஆனால் கணக்குப் போட்டு இறங்குங்கள். மானியம் போக 60,000 ரூபாய் நம் கைப்பணம் என்று கொண்டால், பில் ரூ.785 மட்டும் கட்டும் வீட்டுக்கு வருடம் முழுதும் மிச்சமாவது 4,700 ரூபாய்தான். முதல் திரும்பப் பதின்மூன்று வருடம் ஆகும். வருடம் முழுவதும் ஏ.சி. ஓடும் வீட்டுக்கோ மூன்று வருடத்துக்குள் திரும்பும். எனவே முதலில் செலவைக் குறையுங்கள். மிஞ்சிய செலவுக்கு மட்டும் தகடு மாட்டுவதைப் பற்றி யோசியுங்கள்.

கடையும் வீடும் வேறு

நம்மில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. கடை இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது என்பதால், வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கடையின் ஐஸ் பெட்டியை ஓட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவுப்படி இரு மடங்கு விகிதத்தில் கணக்கிட்டு வசூலிப்பார்கள். பணத்தோடு மானமும் போகும்.

இன்னொன்று: சுற்றுக் கிராமத்துக்காரர்கள் நம் கடையில்தான் பல்பு வாங்குகிறார்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. தருகிறது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். முத்திரையும் உத்தரவாதமும் உள்ள சரக்கையே வையுங்கள். பில் குறைந்த வாடிக்கையாளர் அந்தப் பணத்தில் கால் கிலோ பருப்பு கூட வாங்குவார்.

ஒரு சிறு நோட்டு

வீட்டில் ஒரு நோட்டுப் போடுங்கள். மீட்டர் பார்த்த அன்று தேதியையும் ரீடிங்கையும் எழுதுங்கள். 30-ஆம் நாள் மறுபடி பாருங்கள். 250-ஐத் தாண்டியிருந்தால் மிச்ச நாட்களில் கையை இறுக்க வேண்டும் என்று அர்த்தம். எல்லா ஸ்விட்சையும் அணைத்தபின்னும் மீட்டர் விளக்கு விட்டு விட்டு மின்னினால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். அது பணத்தைவிட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வெக்கையில் தவிக்கும் வயதானவர்கள் தலைமாட்டு விசிறியை நிறுத்தியோ, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கை அணைத்தோ மிச்சம் பிடிப்பது நமக்கு அழகல்ல. அவர்களுக்கு வேண்டியதைத் தாராளமாகக் கொடுப்பதற்காகத்தான் வீணாவதை அடைக்கச் சொல்கிறோம். விற்று வரும் ரூபாயும், வீணாகாமல் நிற்கும் ரூபாயும் கல்லாப் பெட்டியில் ஒன்றுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருக்கும் நேரத்தில், வீட்டாரைக் கூட வைத்துக்கொண்டு இருப்பு எடுங்கள்.