மேகம் மூடிய இரவில் அரோராவைப் படம் பிடிக்க முடியுமா?

நார்வேயின் ட்ரோம்சோவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் முதலில் பார்ப்பது ‘கேபி’ எண்ணைத்தான். பூமியின் காந்தப்புலக் கலக்கத்தை 0 முதல் 9 வரை சொல்லும் அளவு அது. ஆப்பில் 6 வந்தாலே குஷி. ஆனால் மேகம் மூடிவிட்டால் அந்த 6-ஐ வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

காரணம் உயரம். அரோரா ஒளிர்வது சுமார் 100 கி.மீ.க்கு மேலே, மேகங்களோ பெரும்பாலும் 10 கி.மீ.க்குள். இங்கே துறைமுகத்தை உறையவிடாமல் காக்கும் வெதுவெதுப்பான கடல்தான் ஈரக்காற்றையும் அனுப்பிவைக்கிறது.

அதனால் உள்ளூர் வழிகாட்டிகள் காத்திருப்பதில்லை, வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். மலைகள் ஈரத்தைத் தடுப்பதால் ஸ்கிபோட்ன் பக்கம், பின்லாந்து எல்லைப் பக்கம் வானம் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். உறைபனிச் சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் தாங்களே கிளம்புவது வேண்டாத வேலை.

மேகத்தில் இடைவெளி விழுந்தால்? டிரைபாட் கட்டாயம். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை. ஃபோகஸை மேனுவலில் வைத்து ஒரு நட்சத்திரத்தில் பொருத்த வேண்டும். ஷட்டரை 15 விநாடி திறந்தால் ஓடுகிற மேகம் பஞ்சாக இழுபடும், அரோராவின் மடிப்புகளும் கரைந்துவிடும். வேகமாக ஆடும்போது 4, 5 விநாடி போதும். மெல்லிய மேகம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்தாலும் கேமராவில் பச்சை தட்டலாம். ஆரஞ்சாக வந்தால், அது பெரும்பாலும் ஊர் விளக்கு!