நந்தலால் போஸின் ஹரிபுராச் சித்திரங்கள்

டில்லியில் இந்தியா கேட்டை ஒட்டி, ஜெய்ப்பூர் மகாராஜாவின் வாசஸ்தலமாக எழும்பிய ஜெய்ப்பூர் ஹவுஸ் என்னும் மாளிகையில் 1954 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் நடந்து வருகிறது. அதன் சேகரத்திலே என் மனத்தை அதிகம் கவர்பவை, எழுத்து வாசனையற்ற கிராம ஜனங்கள் போகிற போக்கில் பார்த்து மகிழ வேண்டும் என்பதற்காகவே நந்தலால் போஸ் தீட்டிய ஹரிபுராப் போஸ்டர்கள்தாம்.

போஸ்டர் என்றதும் கலாரசிகர்கள் பாரிஸ் நகரத்தைத்தான் நினைப்பார்கள். கல்லச்சில் பல வர்ணங்களை ஏற்றும் முறையை ஷூல் ஷெரே அங்கே சிறப்புற வளர்த்ததும், 1891-இல் துலூஸ் லோத்ரெக் மூலேன் ரூழ் நடனசாலைக்குச் சித்திரம் எழுதி ஒரே நாளில் பேர் வாங்கியதும் பிரசித்தமான சங்கதிகள். ஆனால் அவை எத்தனை அழகானாலும் நடனசாலைக்கு ஆள் சேர்க்கவும் சரக்கை விற்கவும் பிறந்தவை. நந்தலாலின் சித்திரங்களோ எதையும் விற்கவில்லை.

1882 டிசம்பர் 3-ஆம் தேதி பீகாரில் கரக்பூரில், தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவரின் புதல்வராகப் பிறந்த நந்தலால், கல்கத்தாவுக்குப் படிக்கச் சென்று, கல்லூரிப் படிப்பில் மனம் ஒட்டாமல், அவனீந்திரநாத டாகுரின் சிஷ்யரானார். 1909-ஐ அடுத்த காலத்தில் ஹெரிங்ஹாம் சீமாட்டியின் குழுவோடு அஜந்தாவுக்குப் போய்ச் சுவர்ச் சித்திரங்களைப் பிரதி எடுத்த அனுபவமே, கோட்டில் உயிரைப் பாய்ச்சும் வித்தையை அவருக்குக் கற்பித்தது என்பது என் அபிப்பிராயம். பின்னர் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் தலைமையை ஏற்று, 1951 வரை வகித்தார். தண்டி யாத்திரையின்போது, கைத்தடியூன்றி நடக்கும் காந்தியடிகளை அவர் லினோ அச்சில் செதுக்கிய உருவத்தை அறியாதவர் அரிது.

1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, மூங்கிலும் ஓலையுமாக எழும்பிய விட்டல் நகருக்கு அலங்காரம் செய்யும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். அரசியல் மாநாடு என்றால் தலைவர் படங்களும் கோஷ வாசகங்களும் கண்ணைக் குத்தும் என்று எதிர்பார்ப்போம் அல்லவா? நந்தலால் வரைந்தவை வேறு: மேளம் கொட்டுபவன், பஞ்சு அடிப்பவன், உளி பிடித்த தச்சன், நெல் குத்தும் பெண், மல்யுத்த வீரர், வில்லேந்திய வேடன், வீணை வாசிப்பவள். கையால் செய்த காகிதத்தில் மண் வர்ணங்களைக் கொண்டு, கொழுத்த தூரிகையின் ஒரே வீச்சில் முதுகு வளைவதையும் கை ஓங்குவதையும் காட்டிவிடுகிறார். வங்காளத்துக் கிராமியச் சித்திரக்காரர்களான பட்டுவர்களின் துரிதமும் அஜந்தாவின் நளினமும் அதிலே ஒன்றுகூடுகின்றன. சீடர்கள் எடுத்த பிரதிகளையும் சேர்த்தால் போஸ்டர்கள் ஏறக்குறைய 400. வளைவு மாடம்போல் பலவற்றுக்கு எல்லை வகுத்திருப்பதால், உழைப்பாளி ஒவ்வொருவரும் கோயில் மாடத்து மூர்த்தியைப் போல நிற்கிறார். சுவராஜ்யம் யாருக்காக என்ற கேள்விக்கு மேடைப் பிரசங்கங்களைவிட இந்தப் படங்களே தெளிவாக விடை சொல்லியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். சொல் ஒன்றும் எழுதாத போஸ்டருக்கு இதைவிட வேறு வெற்றி என்ன வேண்டும்?

சுதந்திரத்துக்குப் பின் அரசியல் சாசனத்தின் கையெழுத்துப் பிரதிக்குச் சித்திரம் தீட்டும் பணியும் அவரிடமே வந்தது. பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா தம் கையால் எழுதிய பக்கங்களில், சிந்து வெளி முதல் காந்தியடிகள் வரை பாரத சரித்திரத்தை நந்தலாலும் சீடர்களும் வரைந்தார்கள். மாமல்லபுரத்துப் பாறைச் சிற்பத்துக்கும் நடராஜ மூர்த்திக்கும் அதில் இடம் கிடைத்தது நமக்கு விசேஷமான திருப்தியே. 1950 ஜனவரி 24-இல் அரசியல் நிர்ணய சபையினர் அதில் கையொப்பமிட்டார்கள்.

1954-இல் பத்ம விபூஷண் பெற்ற நந்தலால் 1966 ஏப்ரலில் காலமானார். அவருடைய படைப்புகள் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டுவிட்டதால், விற்பனைக்காக அவற்றை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடங்கொடாது. ஆயினும் 2019-இல் வெனிஸ் நகரத்துச் சர்வதேசக் கலைக் கண்காட்சியின் இந்திய அரங்கில், ஹரிபுராவின் மேளக்காரரும் தச்சரும் ஐரோப்பிய ரசிகர்களின் முன்னே காட்சி தந்தார்கள்.