தன்னையே இடிக்கும் ஸ்ட்ரைக்கர்

கால இயந்திரத்தில் பின்னால் போய்த் தாத்தாவின் கல்யாணத்தை நிறுத்திவிட்டால் நான் எப்படிப் பிறந்திருப்பேன்? ‘இன்று நேற்று நாளை’ படம் பார்த்த கையோடு பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். கூடவே, ‘முரண்பாடு இல்லாத காலப்பயணம் சாத்தியம் என்று விஞ்ஞானிகள் நிரூபித்துவிட்டார்களாமே, உண்மையா?’ என்றும் கேட்கிறார்.

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். 2020-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜெர்மெய்ன் டோபார் என்ற மாணவரும் அவருடைய வழிகாட்டி ஃபாபியோ கோஸ்டாவும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதை ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டால், அங்கே போனவர் தன் விருப்பப்படி நடந்தாலும் கணக்கு முரண்படாமல் நிற்கும் என்று காட்டினார்கள். அருமையான கணிதம். ஆனால் ‘வைத்துக்கொண்டால்’ என்ற சொல் தலைப்புச் செய்திகளில் விழுந்துபோயிற்று. அப்படிப்பட்ட பாதையை இதுவரை யாரும் கண்டதில்லை. 1949-ல் குர்ட் கோடெல் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள் ஒன்றைக் கண்டுபிடித்தார்; அதற்கு மொத்தப் பிரபஞ்சமும் சுழல வேண்டும். 1988-ல் கிப் தோர்னும் சகாக்களும், வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழியான புழுத்துளை வழியாகப் போகலாம் என்றார்கள். அதன் வாய் மூடிக்கொள்ளாமல் பிடித்து நிறுத்த எதிர்மறை ஆற்றல் வேண்டும். இயற்கையே இத்தகைய பாதைகளை உருவாக விடாது என்று 1992-ல் ஸ்டீஃபன் ஹாக்கிங் ஊகித்தார். நான் ஹாக்கிங் கட்சி.

இனி முதல் கேள்வி. கதைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. 1895-ல் எச். ஜி. வெல்ஸ் அனுப்பிய பயணி 8,02,701-ஆம் ஆண்டுக்குப் போனார். பழசில் கை வைக்கவில்லை. பழசில் கை வைத்த கதைகள் பின்னால் குவிந்தன. 1944-ல் பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜாவெலின் நாவலில் ஒருவன் தன் மூதாதையையே கொன்றுவிடுகிறான். இந்தக் கதைகளில் பலவற்றுக்கும் ஒரே முட்டுச்சந்து: கொன்றால் அவன் பிறக்கவில்லை, பிறக்கவில்லை என்றால் கொன்றது யார்?

என்னை மயக்கியது, அந்த 1988 கட்டுரையைப் படித்துவிட்டு இயற்பியலாளர் ஜோ போல்ச்சின்ஸ்கி தோர்னுக்கு எழுதிய கடிதம். அவர் தாத்தாவையும் துப்பாக்கியையும் தூக்கிப் போட்டுவிட்டார். மனித மனம் வேண்டாம், ஒரு பில்லியர்ட்ஸ் பந்து போதும் என்றார். நாம் கேரம் போர்டில் வைத்துப் பார்ப்போம்.

வலப்பக்கக் குழி புழுத்துளையின் ஒரு வாய், இடப்பக்கக் குழி இன்னொரு வாய். வலப்பக்கம் விழுவது இடப்பக்கம் வெளியே வரும், விழுவதற்கு நான்கு விநாடி முன்னதாகவே. ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் நமக்கு ஃபவுல். இங்கே ஆட்டமே அதுதான். வலக் குழியைப் பார்த்து மெல்லச் சுண்டுகிறோம். பாதி வழியில் இடக் குழியிலிருந்து அதே ஸ்ட்ரைக்கர் வெளியே வந்து, போய்க்கொண்டிருக்கும் தன்னையே நடுவயிற்றில் இடித்துத் தள்ளுகிறது. இடிபட்டது குழிக்குப் போகவில்லை. போகவில்லை என்றால் வெளியே வந்து இடித்தது எது?

தோர்னின் மாணவர்கள் ஃபெர்னாண்டோ எச்செவெரியாவும் குன்னர் கிளிங்ஹாமரும் இதைக் கணக்குப் போட்டார்கள். பிழை நம் கற்பனையில் இருந்தது. ஸ்ட்ரைக்கர் முதல் தடவை இடிபடாமல் நேராகப் போய் விழுந்தது, பிறகு திரும்பி வந்து இடித்தது என்று நாம் இரண்டு தடவையாக நினைக்கிறோம். முதல் தடவை என்று ஒன்று கிடையாது. இடி உண்டென்றால், குழிக்குள் போவதே ஏற்கெனவே இடிபட்ட ஸ்ட்ரைக்கர்தான். அது குறி வைத்த கோட்டிலிருந்து ஒரு நூல் விலகிப் போய் விழுகிறது. ஆகவே வெளியே வரும்போதும் ஒரு நூல் விலகியே வருகிறது. நடுவயிற்றில் மோதவேண்டியது ஓரத்தில் உரசிவிட்டுப் போகிறது. அந்த உரசல் எவ்வளவு விலக்கியது? சரியாக அதே ஒரு நூல்! வட்டம் மூடிக்கொண்டது, முரண் இல்லை.

கதைக்காரர்கள் வரலாற்றை லைட் சுவிட்ச்போல நினைக்கிறார்கள்: இடித்தது, இல்லை இடிக்கவில்லை. இது மின்விசிறி ரெகுலேட்டர். இடியே இல்லை என்பதற்கும் முழு இடிக்கும் நடுவே எத்தனையோ அளவுகள் உண்டு. ஏதோ ஓர் அளவில், கொடுத்த இடியும் வாங்கிய இடியும் சமமாகும். போர்டில் பவுடர் குறைந்து ஸ்ட்ரைக்கர் சற்றுத் தேய்ந்து நகர்ந்தாலும், நீங்கள் கட்டைவிரலால் சுண்டினாலும் ஆள்காட்டி விரலால் சுண்டினாலும், சமமாகும் அந்த இடம் கொஞ்சம் தள்ளிப் போகுமே ஒழியக் காணாமல் போகாது. தாத்தா மேல் பாய்ந்த குண்டு தோளை உரசிக்கொண்டு போவதும் இப்படித்தான். பேரனின் கை நடுங்கியதே, சின்ன வயதிலிருந்து தாத்தாவின் தோள் தழும்பைப் பார்த்து வளர்ந்ததனால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரைக்கதைகள் இந்த இடத்தில் ‘விதி தடுத்துவிட்டது’ என்று எழுதுவதுதான் எனக்கு ஆற்றாமை. தமிழில் தலைக்கு எழுதியதும் விதி, நியூட்டன் எழுதியதும் விதி. போல்ச்சின்ஸ்கியின் போர்டில் இருப்பது இரண்டாவது மட்டுமே. யாரும் வெளியிலிருந்து வந்து கையைப் பிடிக்கவில்லை. மற்ற நாளெல்லாம் காயைத் தள்ளுகிற அதே உந்தம்தான் இங்கேயும் வேலை செய்கிறது.

தோர்னும் அந்த இரண்டு மாணவர்களும் 1991-ல் வெளியிட்ட கட்டுரையில் இன்னொன்றும் இருக்கிறது. அதை எந்தப் படமும் தொட்டு நான் பார்த்ததில்லை. முரண்படாத விடையே இல்லாத ஒரு சுண்டலைத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. மாறாக, முரண் வரும் என்று பயந்த சுண்டல்களில் ஒரு பெரிய வகைக்கு முடிவில்லாத எண்ணிக்கையில் விடைகள் வந்தன. ஒன்றில் இடது ஓரத்தில் உரசல், இன்னொன்றில் வேறோர் இடத்தில், மற்றொன்றில் பலமுறை குழிக்குள் போய் வந்த பிறகு. எல்லாம் நியூட்டனுக்குச் சம்மதமே. அதே விரல், அதே கோணம், அதே வேகம். ஆனால் ஸ்ட்ரைக்கர் எந்த வழியில் போகும் என்று நியூட்டனின் விதிகளால் சொல்ல முடியவில்லை. தோர்ன் குவாண்டம் இயற்பியலிடம் போனார். அதுவும் இன்ன வழிதான் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு வழிக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று மட்டும் சொன்னது.