பணியாளர் அறையிலிருந்து ஆய்வகத்துக்கு ஓர் இணைப்பு

எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் இருப்பவை பன்னிரண்டு பழைய கணினிகள். மேல்நிலை வகுப்பு மாணவர்கள் அவற்றில் பைத்தான் எழுதும்போது ஆளுக்கொரு கோளாறு முளைக்கும். சென்ற கல்வியாண்டில் 32 ஜிபி நினைவகம் கொண்ட ஒரு நல்ல கணினி கிடைத்தது. அதில் லினக்ஸ் நிறுவி, தலா 2 ஜிபி வீதம் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளை உருவாக்கி, அதையே சர்வராக வைத்தேன். பழைய கணினிகள் இப்போது திரையும் விசைப்பலகையும் மட்டுமே.

ஆய்வகம் மாடியில், பணியாளர் அறை கீழே. பிரெஞ்சுக்காரர் காலத்துக் கட்டடம் என்பதால் சுவர்களின் கனத்தில் வைஃபை நுழையாது, கேபிள்தான் இழுத்தோம். ஒவ்வொரு முறையும் படியேறாமல், என் மடிக்கணினியில் எழுதும் ஒரு சிறு பைத்தான் நிரலால் மேலேயுள்ள பன்னிரண்டையும் இயக்கவும் நிறுத்தவும் வேண்டும் என்பதே என் தேவை.

இதில் மூன்று மென்பொருள்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. கேவிஎம் என்பது லினக்ஸ் கருவிலேயே 2007ஆம் ஆண்டு முதல் உள்ள பகுதி. செயலியின் ஆற்றலை மெய்நிகர் கணினிகளுக்குப் பகிர்ந்து தருகிறது. வட்டு, திரை, வலையட்டை போன்றவை இருப்பதாகக் காட்டுவது க்யூஇமு. இவற்றை நிர்வகிக்கும் அலுவலகம் போன்றது லிப்விர்ட். நம் நிரல் பேசுவது இந்த லிப்விர்ட்டிடம் மட்டுமே. க்யூஇமுவைத் தொடங்கிய ஃபப்ரீஸ் பெல்லார், லிப்விர்ட்டைத் தொடங்கிய தனியேல் வெய்யார் இருவரும் பிரெஞ்சுக்காரர்கள் என்று வகுப்பில் சொன்னபோது புதுச்சேரிப் பிள்ளைகள் சற்று நிமிர்ந்துதான் உட்கார்ந்தார்கள்.

இணைப்புக்கு ஒரு முகவரி எழுத வேண்டும். அதில் நான்கு செய்திகள் உண்டு: எந்த மெய்நிகராக்கம் (க்யூஇமு), எந்த வழி (எஸ்எஸ்எச்), எந்தப் பயனர் எந்தக் கணினியில், கடைசியாக 'சிஸ்டம்' அல்லது 'செஷன்' என்ற ஒரு சொல். இந்தக் கடைசிச் சொல்தான் ஒரு மாலை முழுவதையும் விழுங்கியது. நான் 'செஷன்' என்று எழுதியிருந்தேன். இணைப்பு கிடைத்தது, பிழைச் செய்தியும் இல்லை, ஆனால் பட்டியல் வெறுமை! 'செஷன்' என்பது அந்தப் பயனருக்கே உரிய தனி உலகம். நான் உருவாக்கியவை 'சிஸ்டம்' பக்கம் இருந்தன. சொல்லை மாற்றியதும் அனுமதி மறுக்கப்பட்டது. சர்வரில் என் பயனர் பெயரை 'லிப்விர்ட்' குழுவில் சேர்த்த பிறகே பன்னிரண்டு பெயர்களும் வந்தன.

எஸ்எஸ்எச் இல்லாமல், 16509 என்ற வாயிலைத் திறந்து நேரடியாகவும் இணைக்கலாம். எளிது என்று அதைச் செய்துவிடாதீர்கள். அந்த வழியில் செல்வது மறைகுறியாக்கம் செய்யப்படுவதில்லை; அடையாளச் சோதனையையும் நீக்கிவிட்டால் வலையமைப்பில் இருக்கும் எவரும் உள்ளே வரலாம். 'சிஸ்டம்' பக்கம் மாற்றும் உரிமையோடு நுழைந்தவர், சர்வரின் முதன்மைப் பயனருக்கு நிகரானவர். அந்தக் குழுவில் யாரைச் சேர்க்கிறோம் என்பதிலும் இதே கவனம் வேண்டும். எஸ்எஸ்எச் வழிக்குக் கடவுச்சொல்லைவிடச் சாவிக்கோப்பு நல்லது. நிரல் ஓடும்போது நடுவில் கேள்வி கேட்டு நிற்காது.

இனி என் தவறு. ஒரு நாள் காலை, நிறுத்தும் பகுதியைச் சோதித்துக்கொண்டிருந்தேன். லிப்விர்ட்டில் 'ஷட்டவுன்' என்பது உள்ளேயிருக்கும் இயங்குதளத்திடம் முறையாக மூடிக்கொள்ளச் சொல்லும் வேண்டுகோள். அது கேட்காமலும் போகலாம். 'டெஸ்ட்ராய்' என்பது மின்கம்பியைப் பிடுங்குவது. பெயர்தான் பயமுறுத்துமே தவிர, வட்டை அழிக்காது. இரண்டாவதை எழுதி, பட்டியல் முழுவதுக்கும் ஓடவிட்டேன். மேலே சக ஆசிரியர் வகுப்பு நடத்துகிறார் என்பது நினைவில் இல்லை. சற்று நேரத்தில் ஒரு மாணவி படியிறங்கி வந்து, "மிஸ், எல்லார் திரையும் ஒரே நேரத்தில போயிடுச்சு மிஸ்" என்றாள். செய்முறைத் தேர்வுக்கு அப்போது இரண்டு வாரம்தான் இருந்தது. சேமிக்காமல் எழுதிக்கொண்டிருந்தவர்களின் நிரல்கள் போய்விட்டன. மேலே சென்று காரணம் நான்தான் என்று சொன்னேன். அன்று மாலை உட்கார்ந்து அவர்களோடு மீண்டும் தட்டச்சு செய்தோம்.

இது நேராமல் தடுக்கும் வசதி லிப்விர்ட்டுக்குள்ளேயே இருந்தது என்பதுதான் வேதனை. முகவரியில் க்யூஇமுவுக்குப் பதில் 'டெஸ்ட்' என்றும் முடிவில் 'டிஃபால்ட்' என்றும் எழுதினால், சர்வரே தேவையில்லாமல், 'டெஸ்ட்' என்ற பெயரில் ஒரு பொய்க் கணினி நம் நிரலுக்குக் கிடைக்கும். அதை இயக்கலாம், நிறுத்தலாம், நீக்கலாம். நிரல் முடிந்ததும் எல்லாம் மறைந்துவிடும். வீட்டிலிருந்து, வலையிணைப்பு இல்லாமலும் எழுதிப் பார்க்கலாம். அதற்கடுத்த படியாக, உண்மையான சர்வரோடு 'பார்க்க மட்டும்' என்ற வகை இணைப்பைத் திறந்து பட்டியலைச் சரிபார்க்கலாம். அந்த இணைப்பில் நிறுத்தும் கட்டளை கொடுத்தால் லிப்விர்ட் மறுத்துவிடும். நான் இந்த இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவது படியில் கால் வைத்திருக்கிறேன்.

இப்போது என் நிரல் தொடங்கும்போது பொய்க் கணினியோடுதான் இணைகிறது. உண்மை முகவரியை ஒவ்வொரு முறையும் நானே தட்டச்சு செய்ய வேண்டும். 'டெஸ்ட்ராய்' இருந்த இடத்தில் 'ஷட்டவுன்' இருக்கிறது. இரண்டு நிமிடம் காத்திருந்தும் மூடாத கணினியின் பெயரை மட்டும் அச்சிடுகிறது. அந்த ஒன்றுக்காகப் படியேறிப் போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் யாராவது ஒரு மாணவர் இன்னும் எழுதிக்கொண்டிருப்பார்.