ஆட்டைக் கடித்தது 'மர்ம விலங்கா'? சாட்சியை எடைபோடுவது எப்படி?

'மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி.' செய்தித்தாள்களில் அடிக்கடி கண்ணில் படும் தலைப்பு இது. காலையில் பட்டியைத் திறந்தால் ஐந்தாறு ஆடுகள் செத்துக் கிடக்கும். கழுத்தில் பல் பட்ட காயம் இருக்கும். தரையில் பெரிதாக ரத்தம் இருக்காது. ஊர் கூடிவிடும். 'ரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போயிருக்கிறது' என்பார் ஒருவர். 'நாய் மாதிரியும் இல்லை, சிறுத்தை மாதிரியும் இல்லை. ராத்திரி என் கண்ணால் பார்த்தேன்' என்பார் இன்னொருவர். 'வெயில் இப்படிக் கொளுத்தினால் காட்டுக்குள் எது தங்கும்? எல்லாம் புவி வெப்பமயமாதல்தான்' என்று மூன்றாமவர் முடித்து வைப்பார்.

இதில் எது சாட்சி, எது ஊகம் என்று பிரித்துப் பார்க்காவிட்டால் நஷ்டம் ஆடு வளர்ப்பவருக்குத்தான். வனவிலங்கு அடித்திருந்தால் இழப்பீட்டுக்கு வனத்துறையை அணுக வேண்டும். தெருநாய் கடித்திருந்தால் வழி வேறு. ஈரோடு, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் தொடர்ந்து போராடிய பிறகு, தெருநாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கும் இழப்பீடு தருவதாக 2025-ம் ஆண்டு தமிழக அரசு அறிவித்தது. எந்த விலங்கு என்று தெரியாமல் மனு எழுதினால், எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்பதே சிக்கலாகிவிடும். அதைவிட முக்கியம், கொன்றது எது என்று தெரிந்தால்தான் மறுநாள் இரவு மிச்சமுள்ள ஆடுகளைக் காப்பாற்ற முடியும்.

ரத்தம் உறிஞ்சும் விலங்கு!

இந்தக் கதை நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிகோ தீவில் 1995-ம் ஆண்டு ஆடுகளும் கோழிகளும் செத்துக் கிடந்தன. 'ஏதோ ஒன்று ரத்தத்தை உறிஞ்சிவிட்டது' என்று பேச்சு பரவியது. 'சூபகாப்ரா' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். ஸ்பானிஷ் மொழியில் 'ஆட்டை உறிஞ்சுவது' என்று பொருள். முதுகில் முள், பெரிய கண்கள், இரண்டு காலில் நடை என்று நேரில் பார்த்த ஒரு பெண் வர்ணித்தார்.

பெஞ்சமின் ராட்ஃபோர்டு என்ற ஆய்வாளர் இதை ஐந்து ஆண்டுகள் விசாரித்து, 2011-ம் ஆண்டு புத்தகமாக எழுதினார். அதே 1995-ல் வெளியான 'ஸ்பீசிஸ்' என்ற ஆங்கிலப் படத்தில் வரும் வேற்றுக்கிரக உயிரினத்தோடு அந்தப் பெண்ணின் வர்ணனை அப்படியே பொருந்தியது. அந்தப் படத்தை அவர் பார்த்தும் இருந்தார். அவர் பொய் சொன்னார் என்று இதற்குப் பொருள் கிடையாது. பயத்தில், மங்கிய வெளிச்சத்தில், சில நொடி பார்த்ததை மனது ஏற்கெனவே தெரிந்த உருவத்தை வைத்து நிரப்பிக்கொள்ளும்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 2007-ல் உடலே கிடைத்தது. முடியில்லாத, நீலம் பூத்த சாம்பல் நிறத் தோலுடன் விகாரமான விலங்கு. டி.என்.ஏ. பரிசோதனை செய்தபோது அது கயோட்டி என்று தெரிந்தது. நம் ஊர் நரியைப் போல அங்கே சாதாரணமாகத் திரியும் விலங்கு அது. இப்படிக் கிடைத்த பல உடல்களில் முடி கொட்டியதற்குக் காரணம் சொறி நோய். தோலுக்குள் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணி வகைப் பூச்சியால் வருவது. முற்றிய சொறி பிடித்த நாயை இரவில் பார்த்தால், அதை வளர்த்தவருக்கே அடையாளம் தெரியாது. நோயால் மெலிந்து ஓட முடியாத விலங்கு, பட்டியில் அடைபட்ட ஆட்டைத் தேடி வருவதும் இயல்புதான்.

இமயமலையின் 'எட்டி' பனிமனிதன் கதையும் ஆய்வுக்கூடத்தில்தான் தெளிந்தது. எட்டியின் எலும்பு, தோல், முடி என்று பாதுகாக்கப்பட்ட 9 மாதிரிகளை ஆய்வு செய்து 2017-ல் முடிவு வெளியிட்டார்கள். எட்டு மாதிரிகள் கரடியுடையவை. ஒன்று நாயுடையது.

ரத்தம் எங்கே போனது?

ஆடு இறந்ததும் இதயம் நின்றுவிடுகிறது. அதன்பிறகு காயத்திலிருந்து ரத்தம் பீய்ச்சி வராது. உடலுக்குள் இருக்கும் ரத்தம் தரையைத் தொட்டிருக்கும் பக்கமாக இறங்கி உறைந்துவிடும். மேல்பக்கம் வெளிறித் தெரியும். கோரைப்பல் குத்திய துளை சிறியதாக இருந்தால் ரத்தக்கசிவு பெரும்பாலும் தோலுக்கு அடியிலேயே தங்கிவிடும். அறுத்துப் பார்க்காமல் 'ரத்தம் இல்லை' என்று சொல்ல முடியாது. அதனால்தான் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை அவசியம்.

வெப்பமயமாதல் காரணமா?

புவி வெப்பமடைவது உண்மை. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சராசரி வெப்பநிலை, 1850-1900 காலத்தைவிட ஏறக்குறைய 1.1 டிகிரி செல்சியஸ் அதிகம். ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு, 1979 முதல் செயற்கைக்கோள் மூலம் எடுத்த அளவுகளின்படி, பத்தாண்டுக்கு ஏறக்குறைய 12 சதவிகிதம் சுருங்கி வருகிறது. பல இடங்களில், பல ஆண்டுகளாக, ஒரே முறையில் எடுத்த அளவுகள் இவை. ஆனால், வெப்பமயமாதல் உண்மை என்பதாலேயே ஊருக்குள் வந்த ஒவ்வொரு விலங்கும் அதனால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது. அதற்குத் தனியாகச் சாட்சி வேண்டும்.

கனடாவின் வடகோடியில் உள்ள பேங்க்ஸ் தீவில் 2006-ல் வேட்டைக்காரர் ஒருவர் விநோதமான கரடியைச் சுட்டார். வெள்ளை முடியில் பழுப்புத் திட்டுகள், நீண்ட நகங்கள். டி.என்.ஏ. பரிசோதனையில் தாய் பனிக்கரடி, தந்தை கிரிஸ்லி எனும் பழுப்புக் கரடி என்பது உறுதியானது. 'பனி உருகுவதால் இரண்டு இனமும் கலக்கத் தொடங்கிவிட்டன' என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2017-ல் வெளியான ஆய்வு, அந்தப் பகுதியில் அதுவரை உறுதியான 8 கலப்புக் கரடிகளையும் ஆராய்ந்தது. எட்டுமே ஒரே ஒரு பெண் பனிக்கரடியின் வம்சம். விநோதக் கரடி உண்மை, பனி உருகுவதும் உண்மை. ஆனால், இனக்கலப்பு பரவலாக நடக்கிறது என்பதற்கு அந்த எட்டுக் கரடிகள் போதுமான சாட்சி ஆகவில்லை.

நம் நாட்டிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. மகாராஷ்டிரா மாநிலம் அகோலே பகுதியில், கரும்பும் வீடுகளும் நிறைந்த பள்ளத்தாக்கில் தானியங்கி கேமராக்களை வைத்து விஞ்ஞானி வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆய்வு செய்தார்கள். 100 சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 5 சிறுத்தைகள் அங்கேயே வாழ்வது தெரிந்தது. சிறுத்தைகளின் எச்சத்தை ஆய்வு செய்ததில், அவை சாப்பிட்ட இரையின் எடையில் ஏறக்குறைய 39 சதவிகிதம் நாய்கள். ஒளிந்துகொள்ளக் கரும்பு இருக்கிறது, இரைக்கு நாய் இருக்கிறது. அங்கே சிறுத்தை தங்கியிருப்பதை விளக்க வெயிலைத் தேட வேண்டியதில்லை.

சில மாவட்டங்களில் கடும் வறட்சியில் தண்ணீர் தேடி விலங்குகள் வெளியே வருவதும் உண்டு. அதை நிரூபிக்க ஒரு கோடையின் வெயில் போதாது. தேதி, இடம், மழையளவு, குளத்தில் தண்ணீர் இருந்ததா என்று பல ஆண்டுகள் குறித்து வைத்த பதிவு வேண்டும். அந்தப் பதிவை எந்த விவசாயியும் ஒரு நோட்டில் எழுதி வரலாம்.

பட்டியில் பார்க்க வேண்டியவை

நாய்கள் பெரும்பாலும் கூட்டமாக வரும். தொடை, பின்னங்கால், காது, வால் என்று கண்ட இடத்தில் கடித்துக் குதறும். பல ஆடுகளைக் கொன்றுவிட்டு, கொஞ்சம்தான் தின்னும். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். இரையை மறைவுக்கு இழுத்துச் செல்லும். ஆனால், ஆடுகள் தப்ப வழியில்லாத பட்டிக்குள் சிறுத்தையும் பலவற்றைக் கொல்லும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

கால்தடத்தில் நக அடையாளம் பதிந்து, வடிவம் சற்று நீளமாக இருந்தால் நாய் இனம். நகம் பதியாமல் வட்டமாக இருந்தால் பூனை இனம், அதாவது சிறுத்தை அல்லது காட்டுப்பூனை. கழுதைப்புலிக்கு நகம் பதியும். முன்னங்கால் தடம் பின்னங்கால் தடத்தைவிடப் பெரிதாக இருக்கும்.

* கூட்டம் மிதிப்பதற்கு முன்பாகத் தடத்தின்மேல் பாண்டு அல்லது கூடையைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பக்கத்தில் நாணயத்தையோ ஸ்கேலையோ வைத்து, நேர் மேலிருந்து படம் எடுக்க வேண்டும்.

* இறந்த ஆட்டை இடம் மாற்றாமல் காயங்களைப் படம் எடுத்து, கால்நடை மருத்துவர், வனத்துறை, கிராம நிர்வாக அலுவலர் மூவருக்கும் அன்றே தகவல் சொல்ல வேண்டும். பிரேதப் பரிசோதனைச் சான்றுதான் இழப்பீட்டுக்கு அடிப்படை.

* கடித்த காயமே இல்லாமல், மூக்கு, வாய், ஆசனவாய் வழியாக உறையாத ரத்தம் கசிந்தால் அது அடைப்பான் நோயாக இருக்கலாம். உடலைத் தொடவோ அறுக்கவோ கூடாது. மனிதருக்கும் தொற்றும்.

* உயிர் பிழைத்த ஆடுகளின் காயத்தைக் கையுறை அணிந்து, சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் அன்றே கேட்க வேண்டும்.

* இருட்டில் பார்த்ததாகச் சொல்பவரிடம், மற்றவர்களோடு பேசுவதற்கு முன்பே தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை அடி தூரம், என்ன வெளிச்சம், எவ்வளவு நேரம் பார்த்தார் என்ற மூன்று கேள்வி போதும்.

இரவில் பட்டியைச் சுற்றி ஆறடி உயரத்துக்குக் கம்பி வலை, அடிப்பக்கம் தோண்டி நுழையாதபடி கல் பதிப்பு, மேலே மூடாப்பு ஆகியவை நாய், நரி, சிறுத்தை எல்லாவற்றுக்கும் பொதுவான பாதுகாப்பு. இறந்த கோழி, ஆட்டுக் கழிவுகளை ஊர் ஓரத்தில் கொட்டாமல் ஆழமாகப் புதைத்தால் நாய்க்கூட்டம் சேருவது குறையும். கடித்தது எது என்ற பதில் வர நான்கு நாளானாலும், இந்த வேலைகளை அன்று மாலையே தொடங்கிவிடலாம்.