ஏறாதவர் கணக்கு

2025 செப்டம்பரில் ‘சென்னை ஒன்’ செயலி வந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் செல்போனில் ஒரே கியூஆர் டிக்கெட். சில்லறைக்காகக் கண்டக்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம்; பஸ் எங்கே வருகிறதென்றும் பார்த்துக்கொள்ளலாம். நல்ல வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் ‘ஸ்மார்ட் போக்குவரத்து’ என்று மேடைக்கு மேடை முழங்குகிறவர்கள் டிக்கெட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. சேரும் தரவை வைத்தே எந்தத் தடத்துக்கு எத்தனை பஸ் என்று முடிவெடுக்கலாம் என்கிறார்கள். அங்கேதான் உதைக்கிறது.

டிக்கெட் எடுத்தவர் கணக்கில் வருவார். அரை மணி நேரம் நின்று பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் தொற்றிக்கொண்டவர்?

காலை எட்டரை மணிக்கு வேளச்சேரி விஜயநகரில் நின்று பாருங்கள். வீட்டு வேலைக்கும் துணிக்கடைக்கும் போகிற பெண்கள், பஸ் திரும்பும்போதே முகப்பைத்தான் பார்க்கிறார்கள். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே முதல் பெண்களுக்கு இலவசம். முகப்பில் பிங்க் அடித்திருந்தால் அவர்கள் பஸ். சிவப்பு டீலக்ஸ் வந்தால் கால் நகராது. மாதக் கடைசியில் போக வர டிக்கெட் காசு சின்ன விஷயமா? ஆனால் செயலியைப் பொறுத்தவரை பஸ் வந்தது, போனது.

பிறகு பிங்க் பஸ் வருகிறது, படிக்கட்டு வரை ஆள். “உள்ள போம்மா, உள்ள போ” என்று கண்டக்டர் கத்துகிறார். போக இடம் இருந்தால்தானே! இரண்டு பேர் எப்படியோ நுழைகிறார்கள். நாலு பேர் கைப்பையை இறுக்கிக்கொண்டு பின்வாங்குகிறார்கள். ஏறிய இருவருக்கும் இலவச டிக்கெட் கொடுத்ததால் அவர்கள் பதிவில் இருக்கிறார்கள். மற்ற நால்வரும் எந்தப் பதிவிலும் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் டிக்கெட் மெஷின் வைத்துக்கொண்டா ஓட்டுகிறார்?

டிக்கெட் குறைந்த தடத்தில் நடையைக் குறைப்பார்கள். நடை குறைந்தால் காத்திருப்பு நீளும். கூட்டம் ஷேர் ஆட்டோ, பழைய ஸ்கூட்டி என்று கலையும்; டிக்கெட் இன்னும் இறங்கும். கம்ப்யூட்டர் சொன்னது சரிதானே என்பார்கள்.

குத்துமதிப்பாகத் தடம் போட்ட காலம் இதைவிட மோசம் என்று பொறியாளர்கள் வாதிடலாம். இருக்கட்டும். இத்தனைக்கும் வாகனங்களை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே இலக்கு என்று 2006-லேயே தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்லிவிட்டது. நகரப் பொதுப் போக்குவரத்துக்கு மத்திய அரசு வகுத்த அளவுகோலில் முதல் தரம் என்றால் ஆயிரம் பேருக்கு 0.6 பஸ். சென்னைப் பெருநகரின் ஜனத்தொகை ஒரு கோடி என்றே வைத்தாலும் 6,000 பஸ் வேண்டும். ஓடுவதோ மூவாயிரத்துச் சொச்சம். இல்லாத பஸ்ஸை எந்தச் செயலியால் வரவழைக்க முடியும்?

பெரிய செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. மேடவாக்கம், பெரம்பூர், பூவிருந்தவல்லி, திருவொற்றியூர் நிறுத்தங்களில் ஒரு வாரம், காலை ஏழு முதல் பத்து வரை கல்லூரி மாணவர்களை நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்தலாம். நின்றவர் எத்தனை, ஏறியவர் எத்தனை, ஏறாமல் வேறு வண்டி பிடித்தவர் எத்தனை என்று எழுதட்டும். நடையைக் குறைக்கக் கூடுகிற கூட்டத்தில், அந்த மூன்றாவது எண்ணை மேசைமேல் வைத்துவிட்டுப் பேச்சை ஆரம்பிக்கட்டும்.