கோல் கம்பத்தின் மேல் உட்கார்ந்தவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஹாக்கி ரசிகர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் ஃபுட்பால். உள்ளே வந்தால் வாலிபால், கபடி. கோவில்பட்டி மாதிரி, பிள்ளைகள் ஹாக்கி மட்டையோடு தெருவில் திரிகிற ஊர் எங்களுக்கு வாய்க்கவில்லை. தக்கலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் விளையாட்டு டீச்சர். எங்கள் ஸ்போர்ட்ஸ் ரூமில் ஹாக்கி மட்டைகள் வருஷத்தில் பாதி நாள் மூலையில்தான் கிடக்கும். இருந்தாலும், ஹாக்கியில் யாரைத் தெரியும் என்று ஒன்பதாம் வகுப்பில் கேட்டால் முதலில் வருகிற பெயர் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ். கோல் மழை பொழிந்த ஹர்மன்ப்ரீத் சிங் பெயர் அப்புறம்தான்.

அடிக்கிறவரை விட்டுவிட்டுத் தடுக்கிறவரைக் கொண்டாடுவது எந்த ஆட்டத்திலும் லேசில் நடக்காது. எனக்கு அதில் தனி சந்தோஷம் உண்டு. கல்லூரியில் நான் கோலியாக நின்றவள். ஆசைப்பட்டு நிற்கவில்லை. ஓடத் தெரிந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட, "நீ கொஞ்சம் தாட்டியா இருக்க, நீ நில்லு மக்ளே" என்று நிறுத்திவிட்டார்கள். காலுக்கு கிரிக்கெட் பேடு, அதுவும் முந்தின வருஷத்து வியர்வை நாற்றத்தோடு. பந்தின் எடை 156 முதல் 163 கிராம். கெட்டிப் பிளாஸ்டிக். எலும்பில் பட்டால் அன்றைக்கு இரவு புரண்டு படுக்க முடியாது.

டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு கோலியின் வேலை பாய்ந்து விழுவதுதான். பாய்வது கடைசி வழி. ஹாக்கி கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். பெனால்டி கார்னரில் கோலியையும் சேர்த்து ஐந்து பேர்தான் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். முதல் அடி ஓங்கி அடிக்கிற அடியாக இருந்தால் 460 மில்லிமீட்டருக்கு மேல் பந்து எழும்பக் கூடாது. கோலுக்குள் கீழே அடித்திருக்கும் பலகையின் உயரம் அதுதான். ஆனால் மட்டையில் ஏந்தி இழுத்து விடுகிற டிராக் ஃபிளிக்குக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி, கோலின் எந்த மூலைக்கும் வரும். பந்து கிளம்பிய பிறகு யோசிக்க நேரமில்லை. அதனால் நல்ல கோலி முன்னாலேயே இரண்டடி ஏறி நின்று கோணத்தைக் குறுக்கிவிடுவார். பந்து தானாக வந்து அவர் பேடில் மோதியது போலத் தெரியும். அதற்கு யாரும் கை தட்ட மாட்டார்கள்.

கை தட்டாவிட்டாலும் பரவாயில்லை, பழி சொல்லாமலாவது இருந்திருக்கலாம். 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றோம். கோலி மீர் ரஞ்சன் நேகியைத் துரோகி என்றே பேசினார்கள். ஏழு கோலும் அவர் ஒருவரைத் தாண்டி மட்டும் வந்ததா, முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்க ஆளில்லை. பிற்பாடு 1998-ல் பாங்காக்கில் 32 வருஷத்துக்கு அப்புறம் ஆசியத் தங்கம் வாங்கிய அணிக்கு கோல்கீப்பர் பயிற்சியாளர் அவர்தான். சங்கர் லட்சுமண் கதை இன்னும் சங்கடம். 1964 டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் பாகிஸ்தானை 1-0 என்று வென்றோமே, அன்று கோலில் நின்றவர். இந்திய ஹாக்கி அணிக்குத் தலைமை தாங்கிய முதல் கோல்கீப்பர். 2006-ல் மாவ் ஊரில் கால் அழுகி இறந்தார். இப்படிப்பட்ட நாட்டில்தான் ஒரு கோலிக்கு இத்தனை ரசிகர்கள்.

ஸ்ரீஜேஷ் எர்ணாகுளம் பக்கம் கிழக்கம்பலத்துக்காரர், 1988-ல் பிறந்தவர். ஆனால் கோலியாக ஆனது எங்களுக்குப் பக்கத்தில்தான், திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா ஸ்போர்ட்ஸ் ஸ்கூலில். ராஜா என்பது திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பெண்ணெடுத்த கோத வர்மா ராஜா. ஒரு காலத்தில் நாங்களும் அந்த ராஜ்ஜியத்து ஆட்கள்தானே என்று உரிமை கொண்டாடுகிறவர்கள் இங்கே உண்டு; நானும் கொண்டாடுவேன். ஓட்டம், நீளம் தாண்டுதல் என்று போன பையனை கோலில் நிறுத்தினார்கள். ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், பேடு, காலில் போடும் கிக்கர் எல்லாம் சேர்த்து வாங்க அப்பா வீட்டுப் பசுவை விற்றார். இதைப் பெற்றோர் கூட்டத்தில் நான் சொன்னதே இல்லை. நம் பக்கத்து அப்பாக்கள் உடனே, அப்படியானால் வாலிபாலே போதும் என்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5, காலை ஏழு மணிக்கு ஆட்டம். டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலத்துக்காக ஜெர்மனியோடு. 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று முந்தியாயிற்று. முடிய சில வினாடிகள் இருக்கும்போது ஜெர்மனிக்கு பெனால்டி கார்னர். அது உள்ளே போயிருந்தால் ஆட்டம் சமம்; மாஸ்கோ ஒலிம்பிக்குக்குப் பிறகு 41 வருஷம் காத்திருந்த பதக்கம் மறுபடி ஊசலில். ஸ்ரீஜேஷ் தடுத்தார். கொஞ்ச நேரத்தில் கோல் கம்பத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். என் மாமனார் சின்ன வயதில் பனையேறியவர். ஹாக்கி அவருக்கு ஒன்றும் தெரியாது. "காலுல அவ்வளவு மூட்டயக் கெட்டிக்கிட்டு எப்படி மக்ளே ஏறுனான்?" என்று கேட்டார். தொழில் தெரிந்தவர் கேட்கிற கேள்வி. அந்தப் படத்தை நாடே பார்த்தது. ரசிகர்களுக்குக் கோலியின் முகம் அன்றைக்குத்தான் தெரிந்தது என்பேன். மற்ற நேரமெல்லாம் அது ஹெல்மெட்டுக்குள் அல்லவா கிடக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய ஆட்டம் பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. 2024 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிரிட்டனோடு ஆடும்போது 17-வது நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பெனால்டி கார்னரில் பந்தை நோக்கி முதலில் பாய்ந்து ஓடுகிறவர் அவர்தான். கோலிக்கு முன்னால் நின்ற கதவையே கழற்றிக்கொண்டு போனது போல் ஆயிற்று. மீதி நாற்பத்துச் சொச்சம் நிமிஷமும் பத்துப் பேர். முடிவில் 1-1.

பிறகு ஷூட் அவுட். 23 மீட்டர் கோட்டிலிருந்து ஒருவர் பந்தோடு வருவார். எட்டு வினாடிக்குள் கோல் போட வேண்டும். புதுக் கோலி அவசரப்பட்டு விழுந்துவிடுவார், ஆள் சுற்றிக்கொண்டு போய்ப் பந்தைத் தள்ளிவிடுவார். ஸ்ரீஜேஷ் விழ மாட்டார். நிமிர்ந்து நின்று, பின்வாங்கி, பக்கவாட்டில் நகர்த்தி, வினாடிகளைக் கரைப்பார். மூன்றாவதாக வந்த கானர் வில்லியம்சன் கோலுக்கு மேலே அடித்தார். ஃபில் ரோப்பரைத் தடுத்தாயிற்று. நம்மவர்கள் நாலும் போட்டார்கள். 4-2. இன்சியோனில் 2014 ஆசிய இறுதியிலும் பாகிஸ்தானோடு இதே 1-1, இதே 4-2, கோலில் இதே ஆள். பாரிஸில் நாலு நாள் கழித்து ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலம். அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

ரசிகர்கள் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. டோக்கியோவில் பெண்கள் காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வென்றார்களே, அன்று வந்த பெனால்டி கார்னர்களை எல்லாம் விடாமல் தடுத்த சவிதா புனியாவை எத்தனை பேர் நினைக்கிறார்கள்? பதக்கம் கிடைக்கவில்லை, பெயரும் நிற்கவில்லை. மேனுவல் ஃபிரெடரிக்கும் அப்படித்தான். கண்ணூர்க்காரர், 1972 மியூனிக் வெண்கல அணியின் கோலி, ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் மலையாளி. அடுத்த மலையாளி 49 வருஷம் கழித்து வந்த ஸ்ரீஜேஷ். ஃபுட்பால் பைத்தியம் பிடித்த கேரளத்துக்கு ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த இருவரும் கோலிகள். மேனுவல் 2025 அக்டோபரில் காலமானார். எங்கள் ஸ்டாஃப் ரூமில் செய்தியைச் சொன்னபோது, யார் அது என்று கேட்டார்கள்.

ஸ்ரீஜேஷ் ஓய்வு பெற்றதும் ஹாக்கி இந்தியா சீனியர் அணியில் 16-ம் எண் ஜெர்சிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் ஜூனியர் அணிக்குப் பயிற்சியாளரானார். 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் பெல்ஜியத்தோடு 2-2, மறுபடியும் ஷூட் அவுட். பையன் பிரின்ஸ்தீப் சிங் நின்று ஜெயித்துக் கொடுத்தான். மறுநாள் என்னிடம் பேசியவர்கள் எல்லாம் வெளியே நின்ற ஸ்ரீஜேஷைப் பற்றியே பேசினார்கள். "அது சரி சாரே, கோல்ல நின்ன பையன் பேரு என்ன?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது.